மதுரைக்கு வராத விமானம்

பம்பாயிலிருந்து கொச்சிக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்குக் காலைவரை எனக்கும் அது தெரியாது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி கணக்குப் போட்டு ஒரு முடிவை எடுத்தார்கள் பாருங்கள், அதைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் விழுங்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பம்பாயில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெஷினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், ஆபீஸ் அறையில் ஊரிலிருந்து டிரங்க் கால் என்று கூப்பிட்டார்கள். கையில் எண்ணெயோடு ஓடினேன். பேசியது பெரிய மச்சான். என் அக்கா வீட்டுக்காரருக்கு அண்ணன். பக்கத்து டவுனான கம்பத்தில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் போன் இருந்தது அவர் கடையில் மட்டும்தான். அதனாலோ என்னவோ, எல்லா முடிவும் அவர் வாயிலிருந்துதான் வரும்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா போயிருச்சு மாப்ள. விடியக்காலம் அடுப்படியில விழுந்தது. எந்திரிக்கல" என்றார்.

அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவள் இல்லை. போன மாதம் எழுதிய கடிதத்தில்கூட, தோட்டத்துப் பம்புசெட் ரிப்பேர் என்று மச்சானைத் திட்டித்தான் எழுதியிருந்தாள். பக்கத்தில் நின்ற முதலாளி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவர் குஜராத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். "பிளேனில் போ, நான் பார்த்துக்கொள்கிறேன், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்" என்றார். நான் அப்படியே போனில் சொன்னேன்.

"பிளேன்ல வர்றேன் மச்சான். சாயங்காலம் வந்துருவேன். எடுத்துராதீக. மொகத்தப் பாக்கணும்."

லைனில் இரைச்சல் எதுவும் இல்லை. நான் சொன்னதைப் பெரிய மச்சான் தெளிவாகக் கேட்டார். சரி என்றும் சொன்னார். மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். எனக்கும் அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதனால் எனக்காகக் காத்திருப்பார்கள் என்பதில் சந்தேகமே வரவில்லை.

ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் பாலக்காட்டுக்காரர். அவர்தான் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தார். மதுரை என்றால் முதலில் சென்னை போக வேண்டும், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்தை இன்றைக்குப் பிடிக்க முடியாது, நாளைக்குத்தான் என்றார்கள். அவர் சுவரில் மாட்டியிருந்த மேப்பின் முன்னால் போய் நின்றார். உன் ஊர் எங்கே என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். "இது கேரளா பார்டர் அல்லவா? நீ எதற்கு மதுரைக்குப் போகிறாய்? கொச்சியில் இறங்கு" என்றார். பம்பாயிலிருந்து கொச்சிக்கு நேர் விமானம், ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, மதியம் இறங்கிவிடலாம், அங்கிருந்து குமுளி வழியாகக் கார் என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து மலை ஏறினால் குமுளி, குமுளிக்கு அப்பால் கேரளா என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் எங்களுக்கு ரயில் என்றால் மதுரை, பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரை, கோர்ட்டு, நகைக்கடை எல்லாம் மதுரைதான். மனிதர்கள் மதுரைப் பக்கம் போவார்கள். காய்கறியும் வாழைக்காயும்தான் மலையேறிக் கேரளாவுக்குப் போகும். விமானம் அந்தப் பக்கத்திலும் வந்து இறங்கும் என்று யாருக்கும் நினைப்பு வராது.

ஊருக்குத் திரும்பவும் டிரங்க் கால் புக் பண்ணினோம். கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் தந்தி கொடுத்தேன். கொச்சி வழியாக வருகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன், காத்திருக்கவும் என்று.

விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அதிர்ச்சி. ஊரிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் வந்தால் இரண்டு ராத்திரி ஆகும். போகும்போதும் அப்படித்தான் என்று என் உடம்புக்குப் பழகியிருந்தது. இரண்டு ராத்திரி இருந்தால் மனுஷன் அழுவான், தூங்குவான், மறுபடி அழுவான், ஊர் வந்து சேரும்போது செத்துப்போனதை ஒருமாதிரி ஒத்துக்கொண்டிருப்பான். இதில் பெல்ட்டைப் போடு என்றார்கள். ஒரு தட்டில் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்குக் கீழே மேகம் மட்டும் இருந்தது. ஒரு மூச்சு அழுது முடிப்பதற்குள் மறுபடி பெல்ட்டைப் போடு என்றார்கள். கீழே தென்னையும் தண்ணீரும் தெரிந்தன. கொச்சி என்றார்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன், இதுதான் கொச்சியா என்று. அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பட்டறையில் கையில் ஒட்டிய கிரீஸ் நகத்தில் அப்படியே இருந்தது. அதற்குள் மலையாளம் பேசுகிற ஊரில் நிற்கிறேன்.

வெளியே வந்து டாக்சி பிடித்தேன். அப்போதுதான் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. ஆயிரம் கிலோமீட்டரைச் சாப்பாட்டு நேரத்துக்குள் தாண்டி வந்தவன், மிச்சம் இருந்த நூற்றைம்பதைத் தாண்ட முடியாமல் கிடந்தேன். ஊருக்கு ஊர் பஸ், ஊர்வலம், ரயில்வே கேட். கோட்டயத்தில் நிறுத்தச் சொன்னேன். கோடி எடுக்காமல் போக முடியாது. கடைக்காரர் வெள்ளையும் சந்தனக் கலருமாகக் கசவுப் புடவைகளை எடுத்துப் போட்டார். சுமங்கலிக்கு அது ஆகாது. சிவப்பு வேண்டும் என்றேன். கல்யாணமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உள்ளேயிருந்து ஒரு சிவப்புச் சேலையைக் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டு ஓடினேன். அதற்கப்புறம் மலை. ரப்பர் தோட்டம், தேயிலைத் தோட்டம், வளைவு, வளைவு. வண்டியில் உட்கார்ந்துகொண்டே காலால் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தேன், வேகமாகப் போகுமென்பது போல.

குமுளி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். தமிழ்நாட்டுக்குள் ஓட்ட பெர்மிட் இல்லை என்றார். கொச்சியில் ஏறும்போது இதைச் சொல்லவில்லை. கத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கத்தி என்ன செய்வது? இறங்கி, தடுப்பைத் தாண்டி நடந்தேன்.

இந்தப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. தினமும் காலையில் பள்ளத்தாக்கிலிருந்து பெண்களை ஏலக்காய் எடுக்க மலைக்கு ஏற்றிவந்து, சாயங்காலம் இறக்கிவிடுகிற ஜீப். ஆறு பேர் உட்காருகிற இடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறினேன். எங்கள் ஊர்ப் பெண்கள்தான். நான் வேலைக்குப் போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. பேன்ட் சட்டை போட்ட யாரோ என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள்.

அவர்கள் பேசியது என் அக்காவைப் பற்றி.

விடியக்காலம் ஜீப் ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டதாம். நல்ல பொம்பளை, ஆனால் வாய் ஜாஸ்தி என்றாள் ஒருத்தி. உனக்கு இருக்கிற வாய்க்கு அவ வாய் எம்மாத்திரம் என்றாள் இன்னொருத்தி. பிறகு பேச்சு என்னிடம் வந்தது. மதியம் கீழேயிருந்து எஸ்டேட்டுக்கு வந்த யாரோ சொன்ன சேதி. ஒரு தம்பிகாரன் பம்பாயில் இருக்கிறானாம், பிளேனில் வருகிறேன் என்று போனில் சொன்னானாம், மதுரைக்குக் கார் போயிருக்கிறதாம்.

"பம்பாய்க்கு ரயிலுலயே ரெண்டு ராத்திரி ஆகும்" என்றாள் நடுவில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா. "பிளேனு மட்டும் என்ன, நம்ம ஜீப்பு மாதிரிதான். ஆளு சேந்தாத்தான் எடுப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "அவன் வரல ஆத்தா. மதுரையிலருந்து போன் வந்துருச்சாம். இன்னைக்கு வர்ற பிளேனு வந்துட்டுப் போயிருச்சு, அதுல ஆளு இல்ல, இனிமே நாளைக்குத்தான்னுட்டாகளாம். நான் உங்கள ஏத்த மேல ஏறி வர்றப்பவே பாடைக்குத் தேர் கட்டிக்கிட்டு இருந்தாக. இந்நேரம் எடுத்திருப்பாக."

கம்பியைப் பிடித்தபடியே உள்ளே தலையை நீட்டினேன்.

"நாந்தான் அந்தத் தம்பி" என்றேன்.

அந்த வயதான அம்மா என் காலில் இருந்த ஷூவைப் பார்த்தாள், கையில் இருந்த துணிக்கடைப் பையைப் பார்த்தாள். பயந்த மாதிரி கேட்டாள்: "மதுரையில வந்து எறங்க வேண்டிய ஆளு, குமுளியில எப்படி சாமி ஏறுனீக?"

கொச்சி என்று சொன்னேன். அவளுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. ஆனால் டிரைவர் புரிந்துகொண்டார். அந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டியை இறக்கிய விதத்துக்கு வேறு நாளாக இருந்தால் அத்தனை பெண்களும் அவரை வைது தீர்த்திருப்பார்கள். அன்றைக்கு ஒருத்தருக்கொருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தார்கள். வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட, முதலில் இவரை விடு என்றார்கள். முல்லையாற்றங்கரைக்குத் திரும்பும் இடத்தில் ஜீப் நின்றது. பெண்கள் சுடுகாட்டுக்கு வரமாட்டார்கள். ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். நான் வரப்பில் ஓடினேன்.

புகை தெரிந்தது. அப்படியும் ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் எருவாட்டியும் விறகும் அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். முகத்தை மட்டும் கடைசிவரை விட்டுவைப்பார்கள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அதன் பிறகு முகத்தையும் மூடித் தீ வைப்பார்கள். நான் போனபோது எல்லாம் மூடியிருந்தது. ஒரு பக்கத் துளையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஈர மண்ணில் பூசினவர் கைத்தடம் அப்படியே இருந்தது. அவ்வளவு கொஞ்ச நேரத்தில்தான் தவறவிட்டிருக்கிறேன். தீ பார்த்துக்கொள்கிற ஆள் மட்டும் கம்போடு நின்றார். மற்றவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் பெரிய மச்சான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் துக்கம் இல்லை. பேயைப் பார்த்த மாதிரி இருந்தது. அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எதுல வந்த?"

"பிளேன்லதான். சொன்னேன்ல?"

"இன்னைக்கு மதுரைக்கு ரெண்டாவது பிளேனு கெடையாதுன்னு பிளேன் ஆபீஸ்லயே சொன்னானே மாப்ள."

"கொச்சியில எறங்குனேன்."

பின்னால் வந்தவர்களில் ஒருவர், அங்கன பிளேன் வருதா என்று யாரிடமோ கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மச்சான் கடை வாழைக்காய் தினமும் எங்கே போகிறது? குமுளி ஏறிக் கோட்டயம், எர்ணாகுளம். சாயங்காலம் லோடு ஏற்றி அனுப்பினால் விடிவதற்குள் சேர்ந்துவிடும் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற ஆள் அவர். எந்த வளைவில் லாரி திணறும், எந்த செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ரோட்டின் கடைசியில் ஒரு விமான நிலையம் இருக்குமா என்று அவர் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கும் நினைக்கவில்லை.

அதை அங்கேயே சொன்னேன். நல்ல வார்த்தையில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார். பிறகு தன் நியாயத்தைச் சொன்னார். நாளைக்குச் சனிக்கிழமை, சனிக்கிழமை எடுத்தால் அந்த வீட்டிலேயே இன்னொரு சாவு விழும் என்று எல்லாருக்கும் பயம், ஞாயிற்றுக்கிழமைவரை இந்த வெயிலில் போட்டுவைக்க முடியாது. மதுரைக்குக் கார் அனுப்பினேன், ஆள் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் எடுத்தேன். "பம்பாய்லருந்து சாயங்காலம் வந்துருவேன்னு துக்கத்துல சொல்றேன்னு நெனச்சேன் மாப்ள. காலையில பேசுன ஆளு சாயங்காலம் வந்து நிப்பான்னு எவன் நம்புவான்?"

எனக்கு அதிர்ச்சி கொடுத்தது அந்தக் கடைசி வார்த்தைதான். கார் அனுப்பினார், ஆனால் நம்பி அனுப்பவில்லை. நான் வருவேன் என்று அவர் ஒரு நொடிகூட நம்பவில்லை. கேட்டால் அனுப்பினோம் என்று சொல்வதற்காக அனுப்பிய கார் அது. மதுரையில் அந்த ஆபீஸ்காரர் சொன்னது பொய் இல்லை. மதுரைக்கு நான் வரவில்லைதான்.

கையில் இருந்த சேலையைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கோடி போட்டாச்சு. கம்பத்துலருந்து எடுத்தாந்து உம் பேரச் சொல்லித்தான் போத்துனோம். பொறந்த வீட்டுக் கோடி ஒண்ணுதான். ரெண்டாவது ஆகாது."

பைக்குள்ளிருந்து சேலையை எடுத்து உதறினேன். மடிப்புக் கலையாத புதுச் சேலை, பெரிதாக விரிந்தது. அந்த ஈர மண்ணின் மேல் போட்டேன். ஒருவர் தடுக்க வந்தார். பெரிய மச்சானே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். தீ பார்த்துக்கொள்கிறவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கம்பால் சேலையின் ஓரத்தைத் தூக்கி நெருப்புத் துளைப் பக்கம் தள்ளினார். அது பற்றிக்கொள்ள வெகு நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தபால்காரர் வாசலில் நின்றார். தந்தி. கொச்சி வழியாக வருகிறேன், காத்திருக்கவும். கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். பெரிய மச்சான் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிளேனில் எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார். ரெண்டு மணி நேரம்கூட இல்லை என்றேன். எத்தனை மணிக்கு இறங்கினாய் என்றார். மதியம் என்றேன். மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். "அப்பத்தான் குளிப்பாட்டுனோம்" என்றார். குமுளிக்கு எப்போது வந்தாய் என்றார். வெயில் சாய்ந்தபோது என்றேன். "அப்பத்தான் மூடச் சொன்னாக. இன்னும் செத்த பொறுங்கன்னு சொன்னேன் மாப்ள. எதுக்குன்னு கேட்டாக. என்னத்தச் சொல்ல?"

அவர் ஒருத்தர்தான் நான் வருவேன் என்று நினைத்திருக்கிறார். அவர் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கும் எடுபட்டதில்லை.

அக்கா முகம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். வேறு யாரிடமும் கேட்கப் பிடிக்கவில்லை. தூங்குகிற மாதிரி இருந்தது, சிரித்த மாதிரி இருந்தது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அடுப்படியில விழுந்ததுல நெத்தியில ஒரு காயம். இந்தப் பக்கம்" என்று தன் நெற்றியின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "பெருசா பொட்டு வச்சு மறச்சுட்டாக."

என் விரலைப் பிடித்து, அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.